தசம் ஏழு ஐந்து பொருத்தம்

தலைமைக் கதிரையை நிறைத்தும் நெரித்தும் அமர்ந்திருக்கும் ராஜரத்தினம் ஐயா அவர்களே, பளையின் பெரியோர்களே, உடையார்கட்டிலிருந்து பஸ் பிடித்து வந்த சம்பந்திமார்களே, ஒரு கையில் பிள்ளையும் மறுகையில் பலகாரப் பையுமாய் வீற்றிருக்கும் தாய்மார்களே, உங்கள் அனைவருக்கும் இந்தக் கணக்கு வாத்தியாரின் கனிந்த வணக்கம்.

மணமக்களை வாழ்த்த வந்த நான் மலரைப் பாடவா? மதியைப் பாடவா? இல்லை, தசமத்தைப் பாடுகிறேன். ஏனென்றால், இந்தக் கலியாணத்தைக் கவிழ்க்கப் பார்த்தது கிரகமல்ல, கேதுவல்ல, ஒரு சின்னஞ்சிறு தசமப் புள்ளி.

மணமகள் பிரஷாந்தினியின் பெரியப்பா வீரகத்தி அவர்கள் தேங்காய் வியாபாரத்தில் தேர்ந்தவர். சாதகப் பொருத்தத்தைக் கைத்தொலைபேசியில் தட்டிப் பார்த்தார். 0.75 என்று வந்தது. எதற்கெடுத்தாலும் நூற்றுக்கு இத்தனை என்று வீதம் சொல்லிப் பழகியவர்கள் அல்லவா நாம்? அவரும் வாலில் ஒரு வீதத்தை ஒட்டினார்.

"தசம் ஏழு ஐஞ்சு வீதமாம். ஒரு வீதம் கூட இல்லை. நிப்பாட்டுங்கோ கலியாணத்தை" என்றார்.

பிள்ளை பிரஷாந்தினிக்குக் கண் கலங்கிவிட்டது. நேசித்த மாப்பிள்ளை நிருஷனை ஒரு புள்ளிக்குப் பறிகொடுப்பதா? "பெரியப்பா, அது முக்கால். நூறால பெருக்கினால்தான் வீதம் வரும்" என்றாள். பெரியப்பா பெருக்கினாரா? பெருமக்களே, அவர் கூட்டினார். நூறு தசம் ஏழு ஐந்து! "நூறுக்கு மேலயும் பொருத்தமோ? இது களவுச் சாதகம்" என்று முன்னிலும் கூடக் கொதித்தார்.

பின்வரிசை ஐயா சாப்பாடு எப்போது என்கிறார். பேச்சில் நாலில் மூன்று பங்கு முடிந்தது ஐயா. அதாவது எழுபத்தைந்து வீதம். சற்றே பொறுத்தருள்க.

அப்போதுதான் பிரஷாந்தினி கேட்டாள்: "பெரியப்பா, நூறு தேங்காயில எழுபத்தைஞ்சு நல்லதெண்டால் என்ன செய்வியள்?"

"என்ன கதை இது, உடன லொறியில ஏத்துவன்."

"நிருஷனும் அப்பிடித்தான்."

அன்பர்களே, பின்னம் என்ன, தசமம் என்ன, வீதம் என்ன? முக்கால் என்றாலும் அவன்தான், தசம் ஏழு ஐந்து என்றாலும் அவன்தான், எழுபத்தைந்து வீதம் என்றாலும் அதே நிருஷன்தான். வேடம் மாறலாம், பெறுமதி மாறுமா?

பெரியப்பா இளகினார். ஆனாலும் வியாபாரி அல்லவா? "அப்ப மிச்ச இருபத்தைஞ்சு வீதம்?" என்றார்.

"அதுக்குத்தானே பெரியப்பா நான் போறன்" என்றாள் பிள்ளை.

அந்த விடைக்குப் புள்ளி போட என்னிடம் இலக்கம் இல்லை. பசியோடு செவி தந்த சபைக்கு நன்றி. மணமக்கள் மகிழ்ந்து வாழ்க, வணக்கம்.