ஒரு நாள் முன்னாடி பிறந்தவள்

— அப்போ உங்க வாழ்த்து அனுப்புற இணையதளக் கணக்குப்படி என் பொண்ணு பதினேழாம் தேதியே பிறந்துட்டா. அன்னைக்கு எங்க வீட்டம்மா மொட்டைமாடியில துணி காயப்போட்டுக்கிட்டிருந்தாம்மா. பிள்ளை பிறந்தது அவளுக்கே தெரியாது.

— சிரிக்க வைக்காதீங்க சார், இந்தப் பேச்சு பதிவாகுது. நீங்க பதினெட்டுன்னு சரியாத்தான் போட்டிருக்கீங்க. எங்க புரோகிராம்தான் தேதியோட நள்ளிரவு பன்னிரண்டு மணியையும் சேர்த்து வச்சிடுச்சு. எங்க சர்வர் கம்ப்யூட்டர் இருக்கிற வெளிநாட்டுல அப்போ முந்தின நாள் சாயங்காலம்.

— பிறந்த நாளுக்கு எதுக்கும்மா மணி? ரயிலா பிடிக்கப் போகுது?

— அதான் சார். வெறும் தேதியாவே வச்சிருக்கணும்.

— சத்தியமா சொல்றேன், இந்த நேர வித்தியாசம் பொல்லாதது. எங்க பக்கத்து வீட்டுக்காரர் பிளேன் ஏறினார். முந்தின நாளே போய் இறங்கிட்டார். சந்தேகம் வந்து வீட்டுக்கு ஃபோன் போட்டு, ‘நான் கிளம்பிட்டேனா?’ன்னு கேட்டார்.

— யார் எடுத்தாங்க?

— அவரேதான். ‘குளிச்சுக்கிட்டிருக்கேன், அப்புறம் கூப்பிடு’ன்னார்.

— சார்! சரி, இந்த ஒரு தேதிக்கு ஏன் இவ்வளவு பிடிவாதம்?

— என் வாழ்த்து அந்தத் தேதியைப் பார்த்துத்தானே அவளுக்குத் தானாப் போகுது? ஒரு நாள் முன்னாடி போனா, பெத்த தேதியே அப்பனுக்கு மறந்துபோச்சுன்னு நினைச்சுக்க மாட்டாளா?

— ஃபோன்ல நேரா வாழ்த்திடலாமே.

— எட்டு வருஷத்துக்கு முன்னாடி, ‘இனிமே எனக்கு ஃபோன் பண்ணாதே’ன்னு கத்தினேன். என் பேச்சு எதையும் கேக்காதவ, அதை மட்டும் அப்படியே கேட்டுட்டா.

— நீங்க பண்ணியிருக்கலாமே சார்?

— தினமும்தான் அழுத்துறேன். கடைசி எண்ணுக்கு வந்ததும் விரல் சுளுக்கிக்குது. டாக்டர்கிட்ட காட்டினேன், விரல்ல ஒண்ணுமில்லைங்கிறார்.

— ஒரு நிமிஷம் சார்... ம். ஒண்ணுமில்ல. இப்போ பக்கத்தைத் திறந்து பாருங்க, என்ன தேதி காட்டுது? பதினெட்டுன்னா புகாரை மூடிடலாம்.

— மூடிட்டா?

— அப்புறம் நான் வாரா வாரம் கூப்பிட வேண்டியதில்ல.

— இரும்மா, கண்ணாடியைப் போட்டுக்கிறேன். பதினேழு. சத்தியமா பதினேழேதான். அடுத்த வாரமும் நீங்களே கூப்பிடுங்க. வேற ஆளைப் போட்டா எனக்குக் காது கேக்காது.

— பொய். மூணு மாசமா அது பதினெட்டுன்னுதான் காட்டுது, நானேதான் சரி பண்ணினேன். புகாரை மூடத்தான் எனக்கு மனசு வரல, அப்பா.