நீல ஆப்புக்கு என்ன குறை

அக்கா: நம்ம ரிப்பேர் கடைக்குப் பச்சை ஆப் வேணாம், மஞ்சள் ஆப் வேணாம்னு சொல்லிட்டீங்க. நீலத்துக்கு என்ன குறை? அதை விக்கிறவர் சாயங்காலம் போன் பண்ணுவார், பதில் சொல்லணும்.

மாமா: குறைன்னு இல்ல... அதுல வேலை ஜாஸ்தி.

அக்கா: நமக்கா, அதுக்கா?

மாமா: அதுக்குத்தான்.

அக்கா: அது நோகாம செய்யுது, உங்களுக்கு ஏன் நோகுது? யார் வீட்ல ஃபிரிட்ஜ், யார் வீட்ல வாஷிங் மெஷின், எந்த மெக்கானிக் எப்ப போகணும்... எல்லாத்தையும் அதுவே பிரிச்சுக் குடுக்குது. போன வாரம் என்ன ஆச்சு? நீங்களும் எங்க போனீங்கன்னு தெரியல, என் தம்பியும் எங்க போனான்னு தெரியல. வக்கீலம்மா காத்துக் காத்து வேற கடைக்குப் போயிட்டாங்க. இப்படியே போனா நமக்கு மிஞ்சறது ஷட்டரும் பூட்டும்தான்.

மாமா: அதெல்லாம் சரி. அந்த மணி?

அக்கா: எந்த மணி?

மாமா: தெரியாத மாதிரி கேக்காத. வேலை முடிஞ்சதும் வீட்டுக்காரங்ககிட்ட எப்படி இருந்துச்சுன்னு கேக்குமாம். அவங்க எதையாவது எழுதினா நம்ம மூணு பேர் போன்லயும் ஒண்ணா மணி அடிக்குமாம். பேட்டரி என்னத்துக்கு ஆகும்?

அக்கா: எனக்கும்... அது ஒண்ணுதான் பிடிக்கல. தலைவலி. நிறுத்தி வைக்கலாமான்னு கேட்டேன், முடியாதுங்கறார்.

தம்பி: என்ன முடியாது?

அக்கா: வாடா. டூல் பையை மேஜை மேல வைக்காத, கீழ வை. நீல ஆப்பை வாங்கலாமா, நீ சொல்லு.

தம்பி: தாராளமா. அந்த மணி மட்டும் வேணாம்க்கா. பேட்டரி தீந்துடும்.

அக்கா: அட. ஒரு ஸ்க்ரூவுக்கு ஊரைக் கூட்டற மாமனும் மச்சானும் பேட்டரிக்கு மட்டும் ஒரே குரலா?

மாமா: நல்ல விஷயத்துல ஒத்துமை இருக்கக் கூடாதா?

தம்பி: மாமா சொன்னா சரியாத்தான் இருக்கும்.

அக்கா: இதென்ன, மழை வரப் போகுதா?

தம்பி: அக்கா, உன் போன் அடிக்குது.

மாமா: என்னோடதும்.

தம்பி: ஐயையோ, என்னோடதும்.

அக்கா: போட்டுப் பாருங்கன்னு காலைல ஆப் விக்கிறவரே நேத்து வேலையெல்லாம் சேத்து மூணு போன்லயும் ஏத்தி விட்டுட்டுப் போனார்ல, அதான். இருங்க, படிக்கறேன். தையல்காரம்மா எழுதியிருக்காங்க. 'நேத்து சின்னவர் மாட்டின வாஷிங் மெஷின் ராத்திரி சமையலறையில இருந்து ஹாலுக்கு நடந்து வந்துடுச்சு. இன்னிக்குப் பெரியவர் வந்து சரி பண்ணினார். நன்றி.'

தம்பி: நடந்து... வந்துச்சா?

அக்கா: ஏங்க, காலைல பல் டாக்டர்கிட்ட போறேன்னுதானே போனீங்க?

மாமா: போற வழிதான்.

அக்கா: பல்லைக் காட்டுங்க.

மாமா: சரி சரி... போனேன். மச்சான், மெஷினோட நாலு காலையும் நீ மட்டம் பாக்கல. துணியைப் போட்டுச் சுத்தினதும் கிளம்பிடுச்சு.

தம்பி: அதை எங்கிட்ட சொல்லக் கூடாதா மாமா?

மாமா: சொன்னேனே ஒரு தடவை. ஒரே ஒரு ஸ்க்ரூவைப் பத்தி. கோவிச்சுக்கிட்டு எதிர்க்கடையில போய்ச் சேர்ந்துட்ட. நீ திரும்பி வர்ற வரைக்கும் உங்கக்கா எனக்கு சோறு போட்டா, முகம் குடுத்துப் பேசல. மறுபடி நீ போயிட்டா ஒத்தை ஆளா நான் எத்தனை வீட்டுக்கு ஓடுவேன்?

தம்பி: அப்ப, இந்த மாதிரி இன்னும் வேற வீட்டுக்கும்...

மாமா: விடு. எல்லாரும் நல்லவங்க.

தம்பி: மாமா... நானும் ஒண்ணு சொல்லணும். நீங்க போயிட்டு வந்த வீட்டுக்கெல்லாம் நானும் போயிட்டுதான் இருக்கேன்.

மாமா: என் வேலையில குறையா?

தம்பி: கை சுத்தம். வாய்தான்... அந்தத் தலைமை ஆசிரியர்கிட்ட, 'இது ஃபிரிட்ஜா, பழைய துணி பீரோவா'ன்னு கேட்டீங்களா?

மாமா: அப்படித்தான் திணிச்சு வச்சிருந்தார். உள்ள காத்து போக வேணாமா?

தம்பி: அவர் நம்ம கடை வாசலையே மிதிக்க மாட்டேன்னார். நான் போய் உட்கார்ந்து, மாமாவுக்கு ரத்தக் கொதிப்பு, மனசுல வச்சுக்காதீங்கன்னு சொல்லி...

மாமா: எனக்கா? ரத்தக் கொதிப்பா?

தம்பி: வீட்டுக்கு வீடு மாறும் மாமா. டாக்டரம்மாகிட்ட வியாதி சொன்னா மாட்டிக்குவேன். அதனால அங்க குடும்பத்துல பிரச்சினைன்னு...

அக்கா: யார் குடும்பத்துலடா?

தம்பி: ஒரு பேச்சுக்குத்தான்க்கா.

மாமா: அதான் அந்தம்மா என்னைப் பாத்து, 'பொறுமையா இருங்க, எல்லாம் சரியாகும்'னாங்களா. நான் ஃபிரிட்ஜைச் சொல்றாங்கன்னு நெனச்சேன்... இரு. அவங்கல்லாம் என்மேல கோவமா இருக்கறது உனக்கு எப்படித் தெரிஞ்சுது?

தம்பி: என் போனுக்கே கூப்பிட்டுச் சொன்னாங்க. தையல்காரம்மா உங்ககிட்ட எப்படி...

மாமா: என் போனுக்குத்தான் கூப்பிட்டாங்க. ஆனா... கடை போர்டுல உங்கக்கா நம்பர் மட்டும்தானே இருக்கு?

தம்பி: ஆமா... அக்கா?

மாமா: எங்க எழுந்திரிக்கற? உட்காரு.

அக்கா: உட்கார்ந்துட்டேன். நான்தான் குடுத்தேன். அவன் செஞ்ச தப்புக்கு வர்ற போனை உங்க பக்கம் தள்ளினேன், நீங்க பேசின பேச்சுக்கு வர்ற போனை அவன் பக்கம் தள்ளினேன். நான் அனுப்பினதாச் சொல்லிடாதீங்கன்னு ஊர்ல ஒருத்தர் பாக்கியில்லாம கெஞ்சியிருக்கேன். என்ன பண்றது, ஒரு பக்கம் புருஷன், ஒரு பக்கம் கூடப் பொறந்தவன்... யார் கோவிச்சுக்கிட்டுப் போனாலும் போறது எனக்குத்தான். என்னால முடியல. நீலத்தையே வாங்குங்க. அது உங்களுக்குப் பொண்டாட்டியும் இல்ல, இவனுக்கு அக்காவும் இல்ல... பயப்படாம மூஞ்சிக்கு நேரா சொல்லும்.