நாற்பத்தொன்றாம் எண்

நான் காபி நன்றாகப் போடுவேன். என் மாப்பிள்ளையே அதைச் சொல்வார். போன மாதம் வரை சொல்லியிருப்பார். சர்க்கரை மட்டும் எப்போதும் ஒரு கரண்டி தூக்கல். கசப்பு தெரியக் கூடாதே.

நீங்கள் மேசைமேல் வைத்திருக்கும் நோட்டு என்னுடையதுதான், இன்ஸ்பெக்டர் ஐயா. இருபத்திரண்டு வருடமாக ஆய்வகத்தில் எலிகளோடு காலம் தள்ளுகிறேன். விந்தணு முதலில் வெறும் உருண்டையாகத்தான் இருக்கும். அதற்குத் தலை திரண்டு வால் முளைக்க வேண்டுமானால், கைனேஸ் என்ற ஒரு புரதம் கூடவே நின்று வேலை ஏவ வேண்டும். மேஸ்திரி வராத கட்டடம் போல, அது இல்லாவிட்டால் எல்லாம் பாதியில் நின்றுவிடும். அந்தப் புரதத்தை முடக்கும் மருந்துதான் எங்கள் ஆராய்ச்சி. மருந்தை நிறுத்திய சில வாரங்களில் எலிகள் பழையபடி தேறிவிட்டன. அந்தத் தைரியத்தில்தான் ஆரம்பித்தேன்.

என் மகள் முதல் பிரசவத்தில் செத்துப் பிழைத்தவள். அடுத்தது உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் தலைபாடாக அடித்துக்கொண்டார். "என்ன ஆனாலும் பரவாயில்லம்மா, எனக்கு இன்னொரு குழந்தை வேணும்" என்றாள் அவள். எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான். பெற்றவள் எப்படிச் சும்மா இருப்பாள்?

மாப்பிள்ளை தங்கமானவர். விந்தணு ஒன்றுகூட இல்லை என்று பரிசோதனை முடிவு வந்த அன்று, சமையலறை வாசலில் நின்று அழுதார்.

"நீங்க படிச்சவங்க அத்தை. எனக்கு மட்டும் ஏன் இப்படி?"

"மனச விட்டுடாதீங்க மாப்பிள்ளை" என்று சொல்லி டம்ளரை நீட்டினேன். அவர் குடித்து முடித்ததும் ரிப்போர்ட்டை வாங்கி நோட்டில் குறித்துக்கொண்டேன்.

எலிக்குப் பெயர் வைத்தால் ஊசி போடும்போது கை நடுங்கும். அதனால் நாங்கள் எண்தான் வைப்போம். நாற்பது வரை எலிகள். நாற்பத்தொன்று யார் என்று கேட்டீர்கள். அவர்தான்.

மகளுக்காகத்தான் செய்தேன். போன வருடம் ரத்தப்போக்கு நிற்காமல் அவளுக்குக் கருப்பையையே எடுத்துவிட்டார்கள். இனிப் பிள்ளைப் பேச்சுக்கே இடமில்லை. அதற்குப் பிறகும் பதினோரு மாதம் எதற்காக மருந்தைக் காபியில் கலந்தீர்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள்.

மூன்று வருடம் விடாமல் கொடுத்தாலும் பழையபடி தேறுமா என்று தெரிய வேண்டாமா? எலியை வைத்து அதைப் பார்க்க முடியாது, ஐயா. அது அவ்வளவு காலம் உயிரோடு இருக்காது.