உதிரிக்குப் போன கொட்வினின் புள்ளிகள்

தோற்றாலும் துவளாத தலைவர் கனகலிங்கம் அண்ணை அவர்களே! முன்வரிசையில் மூக்குக்கண்ணாடியோடும் முறைப்போடும் வீற்றிருக்கும் மூத்தோரே! ஞாயிற்றுக்கிழமைகளில் கணவன்மாரைப் பந்தடித் திடலுக்குத் தாரைவார்த்துக் கொடுத்த தாய்மாரே! மேசைக்கடியில் ஓடிப்பிடித்து விளையாடும் மழலைகளே! குசினியிலிருந்து வரும் ரோல்ஸ் வாசத்தில், இந்தச் சந்திரகாந்தி எப்போது பேசி முடிப்பாள் என்று ஏங்கி நிற்கும் இளைஞர்களே! டோர்ட்மண்டின் குளிரையும் பொருட்படுத்தாமல் இந்த மண்டபத்தை நிறைத்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் என் மாலை வணக்கம்!

இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டின் பேஸ்போல் பருவம் முடிந்துவிட்டது. ஆடியவர்கள் ஆறுகிறார்கள், ஆடாத நாங்கள்தான் அல்லோலகல்லோலப்படுகிறோம்! புதிதாய் வந்திருக்கும் மருமக்களுக்காக விளக்கத்தை ஒருக்கால் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் நாரைகள் என்று ஓர் அணி இருக்கிறது. அந்த அணியின் வீரர்களை நாங்கள் ஆளுக்கு மூன்று பேராய்ப் பிரித்தெடுத்து, வீட்டில் இருந்தபடியே கற்பனை அணி கட்டுவோம். திடலில் அவன் அடித்தால் இங்கே எங்களுக்குப் புள்ளி. அவன் வழுக்கினால் இங்கே எங்களுக்கு நெஞ்சடைப்பு. கனகலிங்கம் அண்ணையின் மைத்துனர் கனடாவிலிருந்து தொலைபேசியில் சொல்லித்தந்த விளையாட்டு இது. கடைசியாய் வருகிறவர் கழகம் முழுவதற்கும் ரோல்ஸ் பொரிக்க வேண்டும். பாவம் பார்த்து, அடுத்த பருவத்துக்கு முதல் ஆளைத் தெரிவு செய்யும் உரிமையையும் அவருக்கே கொடுப்போம். இந்த வருடம் கடைசியாய் வந்தவர் யார்? சிரிக்காதேங்கோ! தலைவரின் சேட்டில் எண்ணெய்ப் பொட்டு இன்னும் காயவில்லை.

அவர் தெரிவு செய்யுமுன் வீரர்களை மதிப்பிட்டுப் பேசும்படி என்னைப் பணித்திருக்கிறார்கள். எனக்கு இந்த விளையாட்டு தெரியுமா? தெரியாது. பிறகேன் என்னைக் கூப்பிட்டார்கள்? எனக்கொரு வியாதி இருக்கிறது. எதைக் கண்டாலும் 'ஏன்' என்று கேட்கிற வியாதி. அந்த வியாதியோடு பருவம் முழுக்கத் திடலோரம் குந்தியிருந்து பார்த்தவள் நான்.

முதலில் தோர்ஸ்டன். மலைபோல ஆள், மதயானைபோல அடி! பட்டால் பந்து வேலி தாண்டிக் கார் விடுமிடத்துக்குப் போகும். ஒருநாள் தியாகுவின் கார்க் கண்ணாடிக்கும் போனது. தியாகு, இன்சூரன்ஸ் காசு வந்ததோ? இன்னும் வரவில்லையாம்! ஆனால் கேளுங்கள், படாத நாளில் தோர்ஸ்டன் காற்றைத்தான் அடிப்பான். எடுக்கிறவருக்கு இதயம் பலமாய் இருக்க வேண்டும். அடுத்தவன் பந்தெறிகிற மத்தியாஸ். வைகாசியில் புலி, ஆனியில் பூனை. தோளில் ஐஸ் பையோடு நிற்பதை நானே கண்டேன். அவனை எடுக்கிறவர் கூடவே ஒரு தைலப் போத்தலும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, எங்கள் கொட்வின். மன்னார்ப் பிள்ளை, லிப்ட் திருத்துகிற பிள்ளை, நாரைகள் அணியில் ஆடும் ஒரேயொரு தமிழ்ப் பிள்ளை. எங்கள் புள்ளி வரிசையில் அவனுக்கு எந்த இடம்? என்ன தியாகு, பெலத்துச் சொல்லும்! கடைசி! ஒக்டோபர் ஒன்றுகூடலில் வரிசையை வாசித்தபோது இந்த மண்டபமே சிரித்தது. அவனும் சேர்ந்து சிரித்தான். வீட்டுக்குப் போய் மட்டையைக் கொண்டுபோய் நிலவறையில் போட்டுவிட்டான். 'எங்கட சனமே கடைசியில போட்டபிறகு, ஜேர்மன்காரருக்கு முன்னால என்ன முகத்தோட நிக்கிறது?' என்று மனைவி கிறிஸ்ரினாவிடம் கேட்டானாம். நாளைக்குக் காலை அணிக்காரரோடு அவனுக்கு ரேர்மின், ஜேர்மன்காரர் சொல்கிற சந்திப்பு நேரம். அணிச்சேட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு விலகப் போகிறான். இதைச் சபையில் சொல்லுங்கோ அக்கா என்று என்னைக் கேட்டதே கிறிஸ்ரினாதான்.

அதைக் கேட்டதும் என் 'ஏன்' வியாதி எழும்பியது. எங்கள் வரிசையில் கடைசியாய் நிற்கிறவனை நாரைகள் அணி ஒவ்வொரு ஆட்டத்திலும் முதலாவதாய் இறக்குகிறதே, ஏன்? பயிற்றுநர் லோமனுக்குப் பைத்தியமா? அல்லது எங்களுக்கா? போய்க் கேட்டேன். மனிசன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கெட்ட பந்தைத் தொடாமல் விடத் தெரிந்த ஆள் என்னிடம் அவன் ஒருவன்தான். அவனில்லாமல் நான் எப்படி ஆட்டத்தைத் தொடங்குவேன்?" என்றார்.

இந்தப் பருவத்தில் நாங்கள் பார்த்த ஓர் ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள். கொட்வின் மட்டையோடு நிற்கிறான். பந்து வெளியே வருகிறது, அவன் அசையவில்லை. இன்னொன்று வருகிறது, அசையவில்லை. எங்கள் ஆட்கள் வேலியைப் பிடித்துக்கொண்டு, 'அடியடா! நித்திரையோடா?' என்று கத்துகிறார்கள். கத்தினது ஆர் தியாகு? குனியாதேயும்! இந்த விளையாட்டில் கெட்ட பந்து நாலு வந்தால், அடிக்காமலே முதலாம் தளத்துக்கு நடந்து போகலாம். நாலாவதும் கெட்டதாய் வந்தது. கொட்வின் மட்டையை மெல்ல வைத்துவிட்டு நடந்து போனான். அடுத்து வந்த தோர்ஸ்டன் இடியிடித்தாற்போல ஓர் அடி! நாங்கள் தோர்ஸ்டனுக்குத் துள்ளிக் குதித்துக் கைதட்டினோம். அவனுக்கு முன்னால் தளங்களைச் சுற்றி ஓடி வந்து ஓர் ஓட்டம் சேர்த்தவனை ஆர் பார்த்தது?

லோமன் சொன்னதைக் கேட்ட கையோடு, புள்ளிக்கணக்கு எழுதுகிற கனகலிங்கம் அண்ணையிடம் போனேன்.

"அண்ணை, அவன் அடிக்காமல் தளத்துக்குப் போனதை ஆற்ற பேரில போட்டனீங்கள்?"

"இதென்ன கேள்வி பிள்ளை? வைட் போனால் ஒருவற்ற பேரிலும் இல்லை, உதிரிக்குத்தானே!"

"அவன் ஓடி வந்த ஓட்டம்?"

"அது அடிச்சவனுக்கு."

"இது கிரிக்கெட் இல்லையே அண்ணை!"

"மட்டையும் பந்தும் இருந்தால் எல்லாம் கிரிக்கெட்தான்!"

கோவியாதேங்கோ தலைவரே! பிழை உங்களில் மட்டுமில்லை. யாழ்ப்பாணத்தில் கிரிக்கெட் பார்த்து வளர்ந்த எங்கள் எல்லோருக்கும் அதே கண்தான். பந்து வெளியே போனால் எறிந்தவன் பிழை, நின்றவனுக்கு ஒன்றுமில்லை. அந்தப் பழைய கண்ணால் புது ஆட்டத்தைப் பார்த்தோம். பருவம் முழுக்க அந்தப் பிள்ளை பாடுபட்டுச் சேர்த்ததையெல்லாம் உதிரிக்கும் தோர்ஸ்டனுக்கும் பங்குவைத்துக் கொடுத்துவிட்டு, அவனைப் பார்த்தே சிரித்திருக்கிறோம்!

அன்பானவர்களே! காத்து நிற்பது சும்மா நிற்பதா? கைகட்டி நிற்பது கையாலாகாமல் நிற்பதா? இந்த மண்டபத்தில் இருக்கிற எங்களைவிட இதை அறிந்தவர் ஆர்? அகதி முகாமில் காத்திருந்தோம். வதிவிட அனுமதிக்குக் காத்திருந்தோம். வெளிநாட்டார் அலுவலகத்தின் வாசலில், உறைபனியில், வரிசையில் காத்திருந்தோம். எத்தனை கெட்ட பந்து வந்தது! கோபம் வரவில்லையா? வந்தது! கைநீட்டினோமா? இல்லை! நின்றோம், நிலைத்தோம், தளம் சேர்ந்தோம்! இன்றைக்கு எங்கள் பிள்ளைகள் அடித்து ஆடுகிறார்கள் என்றால், முன்னால் ஒரு சனம் பொறுத்து நின்றதால் அல்லவா? அதை ஆட்டம் இல்லை என்று எவனாவது சொன்னால் விடுவோமா? அப்படியிருக்க, எங்கள் பிள்ளைக்கு நாங்களே அதைச் சொல்லலாமா?

சொல்ல ஏலாது! கைதட்டினது போதும், கையை ரோல்சுக்கு வைத்திருங்கோ. தலைவரே, மதிப்பீடு முடிந்தது. உங்கள் முதல் தெரிவு ஆர்?

எழும்புகிறார். வாயைத் துடைக்கிறார். என்ன அண்ணை? பின்னுக்குக் கேட்கவில்லையாம். "கொட்வின்" எண்டிறார்! தோர்ஸ்டன் இல்லையாம். கொட்வின்! புள்ளி விதியையும் இண்டைக்கே மாத்திறாராம்!

பொறுங்கோ, பொறுங்கோ, சத்தம் போடாதேங்கோ. கதவடியில் ஜக்கெட்டோடு நிற்கிற கொட்வின் ஏதோ சொல்கிறான். "அண்ணை, நான் வாற வருஷம் விளையாடேல்லை. என்னை எடுத்தால் நீங்கள் திரும்பவும் கடைசிதான்."

தலைவரின் பதிலைக் கேளுங்கள்! "தம்பி, நான் உன்னை எடுத்தாச்சு. இன்னொரு வருஷம் இந்தச் சனத்துக்கு ரோல்ஸ் பொரிக்க என்னால ஏலாது. நீ விளையாடத்தான் வேணும்."

அங்கே பாருங்கள், கொட்வின் சிரிக்கிறான். கண்ணையும் துடைக்கிறான். கிறிஸ்ரினா அவனுடைய ஜக்கெட்டைக் கழற்றி வாங்கிவிட்டாள். தம்பி, நாளைக்கு ரேர்மினுக்குப் போ. சேட்டைக் குடுக்கப் போகாதை, வாற வருஷத்துக்குக் கையெழுத்து வைக்கப் போ.

என் கேள்விகளைப் பொறுத்திருந்த பெரியோருக்கும், சிரித்தாலும் திருந்தத் தெரிந்த இந்தச் சபைக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. இன்றைய முதல் ரோல்ஸ் கொட்வினுக்கு. வழி விடுங்கோ, ஆறுதலாய் நடந்தே வரட்டும். வணக்கம்!