நிலவைப் பிடித்து நிற்பவர்

அன்னூரில் ஏறி கோயமுத்தூர் போய்க்கொண்டிருந்தேன். முன் சீட்டில் அக்கம்பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவர், சீலை எடுக்கப் போகிற குஷியில் பேசிக்கொண்டே வந்தார்கள். திடீரென்று மூத்தவர் நெஞ்சில் கை வைத்தார்.

“அம்மணி, எங்கூட்டுக்காரரு நிலவப் புடிச்சுட்டு நிக்கறாரு.”

பகல் பதினோரு மணி. நான் ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்தேன்.

“எந்த நிலவுங்கக்கா?”

“வாசக்கதவு நிலவுதான். கதவத் தொறந்தா நிலவுச் சட்டமே ஆடுதுன்னு, காலைல அவரே அடியில சிமிண்டு ஊத்துனாரு. இறுகற வரைக்கும் அசையக் கூடாது. புடிச்சுட்டே இருங்க, முட்டுக் குடுக்கக் கட்டை வாங்கியாரேன்னு சொல்லிப்போட்டு உங்கூட்டுக்கு வந்தேன்.”

“நான் பஸ் வருதுன்னு உங்களை ஏத்திப்போட்டனுங்களா?”

“நீ ஏத்துன, நானும் ஏறிப்போட்டேன்.”

சின்னவர் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினார். மூத்தவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

“கோவில்பாளையம் வந்துருச்சுங்க. எறங்கி, பூத்துல இருந்து ஊட்டுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிருங்கக்கா.”

மூத்தவர் சிரிப்பை நிறுத்தி யோசித்தார்.

“போன் வேண்டாம் அம்மணி. மணியடிச்சா அந்த மனுசன் நிலவ உட்டுப்போட்டு எடுக்க ஓடுவாரு.”

“அப்ப என்னங்க பண்றது?”

“எப்படியும் சிமிண்டு இறுகோணுமல்ல. சீலையப் பாத்துட்டே போலாம்.”