ஐந்தாவது படி

— ஈரக் காலோட துணியை மிதிக்காதடா. இந்தத் திரைச்சீலையை எடுக்க நாளைக்கு ஓட்டல்காரங்க வர்றாங்க. ஓரமா வா.

— ஓரம் எங்கக்கா இருக்கு? நடக்கிற வழியை அடைச்சு தையல் மெஷினைப் போட்டுட்டு, குளிச்சிட்டு வர்றவனை ஓரமா வான்னா? சரி, இரு, சட்டையைப் போட்டுட்டு வந்துடறேன்.

— ரூமுக்குப் போகாத. சட்டையைத் தேய்ச்சு இந்தா, மெஷின் மேலேயே வச்சிருக்கேன். இங்கயே போட்டுக்கோ.

— அடேயப்பா, இன்னைக்கு என்ன இவ்வளவு உபசாரம்? சரி, கவனி. நாலாவது படி முடிஞ்சதுன்னு நேத்து நோட்டுல எழுதியிருக்க. நிஜமா முடிஞ்சுதா, இல்ல என் மனசு கோணக்கூடாதுன்னு எழுதினியா?

— உன் மனசு கோணாம பாத்துக்கறதுதானே மூணு வருஷமா எனக்கு உத்தியோகம். முடிஞ்சுதுடா, நிஜமாத்தான்.

— அப்போ மிச்சம் அஞ்சாவது படி ஒண்ணுதான். இதோட அருமை உனக்குத் தெரியாதுக்கா. என் முறைப்படி ஒரே ஒரு ஆள், ஒரே ஒரு இலக்கை முழுசா முடிச்சாப் போதும். அடுத்த வாரமே வகுப்பைத் திறந்துடுவேன். நோட்டீஸ்ல போட ஒரு பேர் இல்லாமத்தான் இத்தனை நாளா வீட்டுல உட்கார்ந்திருக்கேன்.

— ஏன், மருந்துக்கடைக்காரர் காலைல ஓடப்போறேன்னு உங்கிட்ட சேர்ந்தாரே?

— ஷூ வாங்கினார். ரொம்ப நல்ல ஷூ. அதோட சரி.

— மாடி வீட்டு டீச்சர்?

— இலக்கை எழுதற கையெழுத்து திருப்தியா வரலைன்னு நாலு நோட்டு மாத்தினாங்க. அஞ்சாவது கேட்டப்போ நானே இல்லைன்னுட்டேன்.

— நீ?

— நானா?

— நீதான். காலைல அஞ்சு மணிக்கு எழுந்திருப்பேன்னு தலைமாட்டுல எழுதி ஒட்டியிருக்கியே. மூணு கலர்ல.

— அக்கா, அடிப்படையா பாத்தா நான் முறையை வகுக்கிறவன். டாக்டர் தனக்குத்தானே ஊசி போட்டுக்கிறாரா?

— சரி விடு. காலைத் தூக்கு, துணியை இழுக்கணும்.

— இழு. இழுத்துக்கிட்டே சொல்லு, உன் இலக்குதான் என்ன? எனக்கு மண்டை வெடிக்குது.

— நல்லா இருக்கே கதை. நீதானே சொன்ன, இலக்கை ஒருத்தர்கிட்டயும் வாய்விட்டுச் சொல்லக்கூடாது, சொல்லிக் கொடுக்கிறவன்கிட்டகூட மூச்சு விடக்கூடாது, சொன்னா பாதி வேகம் போயிடும்னு?

— ஆறாவது விதி. நானே கண்டுபிடிச்சது. உலகத்துல வேற யாருகிட்டயும் இந்த விதி கிடையாது. சரி, இலக்கு வேணாம், படியை மட்டும் சொல்லு. நோட்டீஸ்ல போடணும்.

— முதல் படி, இருக்கிறதை அளந்து பாருன்னு போட்டிருந்த. அளந்தேன். ஒரு நாள் காலைல பத்து மணிக்கு டேப்பை வச்சு மூலை முடுக்கெல்லாம் அளந்தேன். நீ தூங்கிட்டிருந்த.

— எதை அளந்த?

— ஆறாவது விதி.

— சபாஷ். மேல போ.

— ரெண்டாவது படிக்கு இடம் தேடினேன். பதினோரு இடம்டா. வெயில்ல அலைஞ்சு பாதமெல்லாம் கொப்புளம். கடைசியில மாமா வேலை பாக்கிற பஸ் பட்டறைக்குப் பக்கத்துல ஒண்ணு அமைஞ்சுது. சின்ன இடம்தான். ஆனா காத்து வருது, தண்ணிக்குக் கஷ்டமில்ல.

— தையல் கடை. நீ தையல் கடை போடப்போற. வேணாம், சொல்லாத. தலையைக்கூட ஆட்டாத.

— ஆட்டல. மூணாவது படி, பக்கத்துல நிக்கிற ஒரு ஆளைத் துணைக்குச் சேருன்னு இருந்துது. மாமாகிட்ட சொன்னேன்.

— மாமா வழக்கம்போல பேப்பரைத் திருப்பியிருப்பாரே.

— இல்லடா, பேப்பரை மடிச்சு வச்சார். இதை ரெண்டு வருஷம் முன்னாடியே செஞ்சிருக்கணும்னார். என் கையைப் பிடிச்சுக்கிட்டார். கல்யாணத்தன்னிக்குப் பிடிச்சது, அதுக்கப்புறம் இப்பத்தான்.

— பாத்தியா, ஒரு இலக்கு வந்தா குடும்பமே உயிர் பெத்துடும். நாலாவது?

— திரும்பி வர முடியாதபடி ஏதாவது செஞ்சுடுன்னு போட்டிருந்த. முன்பணத்தைக் கொடுத்துட்டு சாவியை வாங்கிட்டேன்.

— எனக்குப் புல்லரிக்குது. அப்புறம் என்ன தயக்கம்? பத்தரை ஆச்சு, இன்னும் அஞ்சாவதைத் தொடலையே.

— அஞ்சாவதுதான்டா முடியல. ஒருத்தர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும். சொன்னா அவங்க மனசு ஒடிஞ்சு போயிடும்.

— புரிஞ்சுபோச்சு. உனக்கு இத்தனை வருஷமா தையல் வேலை கொடுத்த முதலாளியம்மாகிட்ட போய் விலகிக்கிறேன்னு சொல்லணும், அதானே? இங்கதான் அத்தனை பேரும் வழுக்கி விழறாங்க. சொல்லிடணும். இன்னைக்கே.

— ஒரு வாரம் டைம் கேட்டா?

— கொடுக்காத. ஒரு வாரம் ஒரு மாசமாகும், ஒரு மாசம் மூணு வருஷமாகும். எனக்குத் தெரிஞ்ச எத்தனையோ பேர் அப்படியே ஒட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க.

— தெரியும்டா, நானும் பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன். ரொம்ப நெருங்கின சொந்தமா இருந்தா?

— அப்போ இன்னும் கண்டிப்பா இருக்கணும். இரக்கப்பட்டுட்டா இலக்கு போச்சு. இதை நோட்டீஸ்ல பெரிய எழுத்துல போடறேன்.

— எனக்கு அழுகை வருதுடா. அம்மா சாகும்போது ஒரு வாக்குக் கொடுத்தேன், கைவிட மாட்டேன்னு.

— முதலாளியம்மாவையா? அம்மாவுக்கு அவங்களைத் தெரியுமா என்ன?

— அதை விடு. நான் கைவிடல, அது எனக்குத் தெரியும். ஆனாலும் முகத்தைப் பாத்து எப்படிடா சொல்றது?

— அழுதுகிட்டே சொல்லு. அவங்க முகத்தைப் பாக்காத, கையில இருக்கிற வேலையைப் பாத்துக்கிட்டு ஒரே மூச்சுல சொல்லிடு. விளக்கம் வேணாம், மன்னிப்பும் வேணாம்.

— நான் பின்வாங்கிட்டா என் மேல கோபப்படுவியா?

— உசுரு போனாலும் மன்னிக்க மாட்டேன். என் வகுப்பே உன்னை நம்பித்தான் நிக்குது. அக்கா, கீழே ஏதோ வண்டி ரொம்ப நேரமா ஹாரன் அடிக்குது, அந்தச் சத்தத்துல மனசைக் கலைச்சுக்காத. எழுந்திரு. நானே கூட வர்றேன். எங்க போகணும், சொல்லு.

— நான் எங்கயும் போக வேண்டாம்டா. நான் தலையைத் தூக்க மாட்டேன், இந்தா உன் புது ரூம் சாவியைப் பிடி. திங்கட்கிழமைலேர்ந்து பட்டறை ஸ்டோர்ல உனக்கு வேலை, நீ குளிக்கும்போதே உன் பெட்டி படுக்கையை வண்டியில ஏத்திட்டு மாமா கீழே காத்துக்கிட்டிருக்கார், நோட்டீஸ்ல என் பேரைப் போட்டுக்கோ.