சாய்ந்த முத்திரை

தேநீர் நன்றாக இருக்கிறது, இன்ஸ்பெக்டர் ஐயா. எங்கள் பதிப்பகத் தேநீரில் விழுந்த ஈகூட எழுந்து வேறு வேலை தேடிப் போய்விடும்.

எழுபத்திரண்டு வயதில், ஓய்வுக்குப் பிறகு எனக்கு இரண்டு வேலை. செவ்வாயும் வியாழனும் அந்தப் பதிப்பகத்தில் கணக்கு. மற்ற நாளெல்லாம் சங்கத்துக்குச் செயலாளர். தனியாளாக வேலை எடுத்துச் செய்கிறவர்களின் கூலியை முதலாளிகள் முழுங்காமலிருக்கச் சட்டம் கேட்கும் சங்கம். டோக்கியோவில் நான் துண்டறிக்கை கொடுக்காத ஆள் ஒருவர் இருந்தால், அவர் இன்னும் பிறக்கவில்லை என்று அர்த்தம்.

குறை ஒன்றுதான். நாடாளுமன்றக் குழுவின் முன்னால் வந்து பேச ஆளில்லை. எங்கள் ஊரில் கூலியைக் கேட்பதே அநாகரிகம். மைக்கில் கேட்பது துணியில்லாமல் ரயிலேறுவது மாதிரி.

அப்போதுதான் குராமோச்சி ஓரியே எங்கள் பதிப்பகத்தின் நரிக்கதைக்கு நாற்பது படம் வரைந்து கொடுத்தார். தனியாக வாழும் பெண், சர்க்கரை நோயாளி, சிரித்த முகம். முதலாளி அன்றே பணத்தை என்னிடம் கொடுத்துவிட்டார். இங்கே பில்லில் கையெழுத்துக்குப் பதில் பெயர் முத்திரைதான். நான் அவருடைய பில்லைத் திருப்பிக் கொடுத்தேன்.

"முத்திர ஒரு மயிரிழை சாஞ்சிருக்கும்மா."

"என் நரியும் சாஞ்சுதான் நிக்குது, சுகிமோரி சார். அத யாரும் திருப்பலையே."

"நரி பில் போடாதும்மா."

இருவரும் சிரித்தோம். நான்கு முறை திருப்பினேன். முத்திரை கோணல் என்றால் இங்கே யாரும் மறுபேச்சு பேசுவதில்லை. உண்மையில் நான்கும் நேராகத்தான் இருந்தன.

ஆறாவது வாரம் அவரே வந்தார். "இன்சுலின பாதியாக்கிட்டேன் சார். உங்க சங்கத்துக்காக நான் பேசட்டா?" நான் வற்புறுத்தவில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பணம் கைக்கு வந்தவரால் அப்படிப் பேச முடியாது. அவர் பேசி முடித்ததும் குழு அழுத அழுகையில் சுமிதா ஆறு ஒரு முழம் ஏறியிருக்கும். சட்டம் வந்துவிடும் என்று அன்றே தெரிந்தது. ஐந்தாம் நாள் ஓரியே இறந்துபோனார்.

இறுதிச் சடங்கில் அவருடைய கூலியை, ஒரு யென் குறையாமல், துக்கப் பணமாக உறையிலிட்டு அவர் அக்காவிடம் கொடுத்தேன். "இவ்ளோவா? அவளுக்கு நீங்கதான் சார் தெய்வம்" என்று குனிந்தார். வழக்கப்படி பாதி மதிப்புக்குப் பதில் மரியாதையும் அனுப்பினார். உயர்ந்த ரகக் கடற்பாசி, நாக்கிலேயே கரைந்தது. அதே அக்கா பிறகு அந்த நான்கு பில்களோடு உங்களிடம் வந்ததில் எனக்கு வருத்தமில்லை.

ஆனால் கூலியை ஏமாற்றினேன் என்கிறீர்களே, அதுதான் சரியில்லை. வேலையை ஒப்படைத்த நாளிலிருந்து கூலி கொடுக்க அறுபது நாள் அவகாசம் என்கிறது எங்கள் சட்டம். நான் கொடுத்தது ஐம்பத்தெட்டாம் நாள்.